நூற்று நான்கைத் தாண்டிய மாப்பிள்ளை

அத்தியாயம் 19

கோதண்டராமன் மகளோடு பேசாமல் கழித்த ஒன்றேகால் வருஷமும் அவர் மனைவி சம்பூர்ணம்தான் இருவருக்கும் நடுவே தபால் சுமந்தாள். "சாப்ட்டியான்னு அப்பா கேக்குறாரு." "சாப்ட்டேன்னு சொல்லும்மா." ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவும் பெண்ணும் இவள் வாயால் பேசிக்கொண்டார்கள்.

போன மாதம்தான் அது முடிந்தது. செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் ஜோதிலட்சுமி, அணுபுரம் குடியிருப்பில் ஏசி மெக்கானிக்காக வேலை பார்க்கும் ஜெரோமைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்று ஜெயித்தாள். வேறு மதம், வேறு தெரு. கோதண்டராமன் இறங்கிவந்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"குடிக்கிறவனுக்குப் பொண்ணு கிடையாது. என்னிக்கு தள்ளாடிகினு வந்து நிக்கிறானோ, அன்னியோட முடிஞ்சுது."

"மாமா, எனக்கு கோலி சோடாவே தலைக்கு ஏறிக்கும்" என்று சிரித்தான் ஜெரோம். அவர் சிரிக்கவில்லை.

இன்று கல்யாணம். திருவிடந்தை தாண்டி, ஈசிஆர் ஓரமாக ஒரு மண்டபம். கத்திரி வெயில். கடற்காற்று இன்னும் கரை ஏறவில்லை. தென்னை ஓலைகூட அசையாத அந்தப் புழுக்கத்தில், மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்குப் பின்னால் சம்பூர்ணம் நின்றிருந்தாள்.

மேளச் சத்தம் நெருங்கியது. சாலை வளைவில் மாப்பிள்ளை ஊர்வலம் தெரிந்தது. ஜெரோமின் நண்பர்கள் அவனை நடுவில் விட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவனும் ஆடினான். கறுப்புக் கோட்டு, உள்ளே இன்னொரு கையில்லாத கோட்டு, கழுத்து இறுகிய டை, தலைப்பாகை.

"இந்த வெயில்ல கோட்டா?" பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

அந்தக் கோட்டின் கதை சம்பூர்ணத்துக்குத் தெரியும். துணி எடுக்கப் போன அன்று ஜெரோமின் அப்பா தேவசகாயம் கடைக்காரரிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "எங்க அப்பா சம்பந்தி ஊருக்குள்ள தோள்ல துண்டு போட்டு நடந்தது கெடயாது. என் புள்ள கோட்டு போட்டுகினுதான் போவணும்." எல்லாத் தகவலையும் கணவரிடம் கொண்டுபோகிறவள், அதை மட்டும் கொண்டுபோகவில்லை. ஏன் என்று தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்தபிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆரத்தி சுற்றினார்கள். ஜெரோம் படி ஏறினான். இரண்டாவது படியில் கால் இடறியது. நண்பர்கள் பிடித்துக்கொண்டு ஓவென்று கத்தினார்கள்.

மேடைக்கு வந்தவன் உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தான். யாரையோ தேடுவதுபோல இருந்தது. தங்கை பிரிசில்லாவைப் பார்த்து, "ஜோதி, கம்ப்ரசர் ஓடலையே. கேஸ் லீக்காவுது. ஏணி எடுத்தா" என்றான். நாக்கு குழறியது.

கூட்டம் சிரித்தது.

"டேய், இன்னாடா உளர்ற?" பிரிசில்லாவும் சிரிக்கத்தான் முயன்றாள்.

"ஏணி... ஏணின்றேன்ல!" அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். இரண்டு எட்டு வைத்தான். சரிந்து மணையின் மேலேயே உட்கார்ந்தான்.

முன்வரிசையில் இருந்த சுப்புராமன் எழுந்தார். கோதண்டராமனின் அண்ணன். இந்தச் சம்பந்தத்தை முதல் நாளிலிருந்து எதிர்த்தவர்.

"பாத்தியாடா கோதண்டம்? பட்டப்பகல்ல ஏத்திகினு வந்து நிக்கிறான். இதுக்குத்தான் அவ்ளோ சொன்னேன். ஜெகதா, கெளம்பு."

அவர் மனைவி ஜெகதாம்பாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கெளம்புன்றேன்!" என்று இரைந்துவிட்டு அவர் நடந்தார். அவளும் பின்னால் போனாள். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

கோதண்டராமன் முகம் இறுகிவிட்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. முகத்தை மேடைக்கு எதிர்ப்புறமாகத் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பலைச் சம்பூர்ணம் அறிவாள். ஒன்றேகால் வருஷம் அதைப் பார்த்தவள்.

"என் பையன் தொட்டதில்ல சம்பந்தி! கர்த்தர் சத்தியமா தொட்டதில்ல!" தேவசகாயத்தின் குரல் உடைந்தது. கோதண்டராமன் திரும்பவில்லை.

சம்பூர்ணம் ஜெரோமையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவனை நாலைந்து முறைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் கதவோரமாக நின்று. மாமியார் மாப்பிள்ளைக்கு எதிரே வருவதில்லை. தொடுவது என்ற பேச்சே இல்லை. அவளுடைய மாமியார் அப்படித்தான் இருந்தாள், அம்மாவும் அப்படித்தான். காபியைக்கூட முக்காலியில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

அவன் முகம் சிவந்திருந்தது. செங்கல் சூளைக்குள் எட்டிப்பார்த்தவன் முகம்போல. கண் ஓரிடத்தில் நிற்கவில்லை. தாய் இல்லாத பிள்ளை. இந்நேரம் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப்பார்க்க இந்த மண்டபத்தில் யாருமில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பு முடிவதற்குள் அவள் மேடைமேல் இருந்தாள்.

டையைத் தளர்த்தி, புறங்கையை அவன் கழுத்தில் வைத்தாள்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். மூன்று பிள்ளைகளுக்கு அம்மை, டைபாய்டு, டெங்கு எல்லாம் பார்த்த கை அது. இப்படி ஒரு சூட்டை அது தொட்டதில்லை.

"ஜோதி!" என்று கத்தினாள். அந்தச் சத்தம் தன்னுடையதுதான் என்று அவளுக்கே தெரிய ஒரு நொடி ஆனது. பிறகு கணவரைப் பார்த்தாள். "குடிச்சவன் ஒடம்பு இப்டி கொதிக்காதுங்க. நீங்க இந்தப் பக்கம் திரும்புங்க. வந்து தொட்டுப் பாருங்க!"



மணப்பெண் அறையிலிருந்து ஜோதிலட்சுமி ஓடிவந்தாள். ஜடை அலங்காரம் பாதியில் தொங்கியது. குனிந்து அவன் முகத்தைப் பிடித்தாள். "ஜெரோம், நான் யாரு? இது எந்த ஊரு?"

"ஏணி" என்றான் அவன். கண் செருகியது.

"ஹீட் ஸ்ட்ரோக். நூத்தி எட்டுக்குப் போன் பண்ணுங்க. கோட்ட கழட்டுங்க. ஐஸ் வேணும், நெறைய ஐஸ், ஆள் படுக்கற மாதிரி ஒரு தொட்டி!"

"கார்ல போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துகினு போயிடலாமே" என்றார் ஒருவர்.

"கொண்டுபோய்ச் சேக்கறதுக்குள்ள உள்ள வெந்துடும். மொதல்ல எறக்கணும், அப்புறம்தான் ஏத்தணும்."

"தண்ணி குடு, தண்ணி குடு" என்று ஒரு சொம்பு வந்தது.

"வாயில ஊத்தாதீங்க! நெனவு இல்லாதவனுக்குப் பொரை ஏறிடும். மேல ஊத்துங்க!"

கோட்டின் பட்டன்கள் கழலவில்லை. வியர்வையில் ஊறி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. பூக்கட்டுகிறவளின் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு ஜோதி ஒரு கணம் தயங்கினாள். மாமனாரைப் பார்த்தாள். தேவசகாயம் குனிந்தார். இரண்டு கையாலும் கோட்டின் மார்பைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கிழித்தார். பட்டன்கள் மேடையெங்கும் தெறித்தன.

"என் புள்ள இருந்தா போதும்மா" என்றார்.

சாலைக்கு எதிர்ப்புறம் மீன் வியாபாரம் பார்க்கும் செங்கம்மாள் இறால் தொட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஜெரோமின் நண்பர்கள் ஓடிப்போய் அதில் பெரியதைப் பிடித்தார்கள்.

"அடேய்! என் எறாலு! இன்னாங்கடா, கல்யாணத்துக்கு வந்துட்டு கொள்ளையடிக்கறீங்கோ?"

"மாப்ள செத்துப்போயிடுவான் அக்கா!"

அவ்வளவுதான். செங்கம்மாளே தொட்டியைக் கவிழ்த்தாள். இறால் ஒரு குவியலாகத் தார்ப்பாயில் விழுந்தது. "அந்த வண்டில இன்னும் ரெண்டு பொட்டி ஐஸ் கீது, தூக்குங்கடா. நிக்கறானுங்க பாரு, பொம்ம மாதிரி!"

மண்டப வாசலில், பந்தல் நிழலில் தொட்டி இறங்கியது. சமையல்கட்டு ஓஸ் பைப்பை விட்டார்கள். ஐஸைக் கொட்டினார்கள். நாலு பேர் தூக்கிவந்து ஜெரோமைக் கழுத்துவரை அதில் இறக்கினார்கள்.

"தல முங்கக்கூடாது. யாராவது பின்னாலேர்ந்து பிடிங்க. வழுக்கும், கெட்டியா பிடிக்கணும்!"

தேவசகாயம் போனார். ஐஸ் நீரில் ஈர உடம்பு பிடிக்கப் பிடிக்க நழுவியது.

"தள்ளுங்க சம்பந்தி."

கோதண்டராமன். சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, தொட்டியின் பின்னால் மண்டி போட்டார். இரண்டு கையையும் ஐஸுக்குள் விட்டு ஜெரோமின் அக்குளைப் பிடித்தார். அவன் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டார். தலையில் ஒட்டியிருந்த இறால் மீசை ஒன்றை எடுத்துத் தூரப் போட்டார்.

சம்பூர்ணம் அதைப் பார்த்தாள். இந்தக் கை அந்த உடம்பைத் தொடவேண்டும் என்று எந்தக் கடவுளிடமும் வேண்டிக்கொள்ளும் தைரியம் அவளுக்கு இருந்ததில்லை. கேட்கத் தெரியாதவளுக்கும் சிலது கிடைத்துவிடுகிறது. அழக்கூடாது என்று நினைத்து, ஒரு கிண்ணத்தை எடுத்துக் குளிர்ந்த நீரை மொண்டு அவன் தலையில் ஊற்றத் தொடங்கினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய ஆம்புலன்ஸ் பையன் தொட்டியையும், பட்டுப்புடவையில் கைநாடி பிடித்துக்கொண்டிருந்த மணப்பெண்ணையும் மாறிமாறிப் பார்த்தான். தெர்மாமீட்டரை எடுத்து ஜெரோமின் கக்கத்துப் பக்கம் கொண்டுபோனான்.

"தம்பி, ஐஸ்ல கெடக்கறவனுக்கு அங்க வெச்சா தோலோட குளிர்தான் தெரியும். வாயும் ஆகாது. உள் சூடுதான் கணக்கு. பின்னால வெச்சுப் பாக்கணும்" என்றாள் ஜோதி.

"அக்கா... இந்தக் கூட்டத்துலயா?"

நண்பர்களில் ஒருவன் பந்தலில் கட்டியிருந்த கல்யாண பேனரை அறுத்து இறக்கினான். நாலு பேர் அதை விரித்து மறைப்பாகப் பிடித்தார்கள். பத்தடி ஜெரோம் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்துச் சிரித்தான். அதன் பின்னால் நிஜ ஜெரோமுக்கு நடந்தது நடந்தது.

"அந்தப் பக்கம் பாருங்கடி, வெக்கங்கெட்டதுங்களா" என்று செங்கம்மாள் இளம்பெண்களை விரட்டினாள். அவளும் திரும்பிக்கொண்டாள், அரைவாசி.

"எவ்ளோம்மா?" கோதண்டராமன் கேட்டார்.

"நூத்தி அஞ்சுப்பா. இவ்ளோ நேரம் ஐஸ்ல இருந்தும் நூத்தி அஞ்சு."

"டெங்கு வந்தப்ப உனக்கு நூத்தி மூணு இருந்துச்சே?"

"அது ஜுரம்பா. கிருமிய எதுக்க ஒடம்பே வேணும்னு ஏத்திக்கும். மாத்திர போட்டா கேக்கும். இது அப்டி இல்ல. உள்ள இருக்கற சூடு வெளிய போவ வழியில்லாம மாட்டிகினு கீது. நூத்தி நால தாண்டினா மூளை கொழம்பும். அதான் குடிகாரன் மாதிரி உளறினான். அப்டியே விட்டா கிட்னி, ஈரல் ஒவ்வொண்ணா போயிடும்."

கோதண்டராமன் பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

ஐஸ் கரைந்தது, மேலும் கொட்டினார்கள். யாரும் சாப்பிடப் போகவில்லை. மேளக்காரர்கள் மேளத்தின்மேல் உட்கார்ந்து எட்டிப்பார்த்தார்கள். பிரிசில்லா ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற கோதண்டராமனின் அத்தை திருவிடந்தைப் பெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே மூச்சில் ஏறி இறங்கின.

பேனர் மறுபடி விரிந்தது. "நூத்தி மூணர" என்றாள் ஜோதி. குரலில் முதல் தடவையாக ஒரு தளர்வு.

அப்போது ஜெரோம் மூக்கைச் சுளித்தான். கண்ணைத் திறந்தான்.

"ஜோதி... இன்னா இது, இப்டி மீன் நாத்தம்?"

மண்டபம் அதிர்ந்தது. விசில் பறந்தது. யாரும் சொல்லாமலே மேளக்காரர் ஒரு தட்டு தட்டிவிட்டார்.

"நாத்தமா? நல்ல எறாலு கெடந்த தொட்டிடா அது!" செங்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கத்தினாள். "மாப்ளய ஐஸ்ல வெச்சு இன்னிக்குத்தான் பாக்கறேன். ஏலம் விட்டா நல்ல வெலைக்குப் போவான்!"

ஜோதிலட்சுமி சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதாள். அழுதுகொண்டே, "உன் பேர் சொல்லு, என் பேர் சொல்லு, இன்னிக்கு இன்னா நாள் சொல்லு" என்று அதட்டினாள்.

"நம்ம கல்யாணம்" என்றான். பிறகுதான் தன்னைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தான். பதறிப்போய் எழ முயன்றான். "மாமா... நான் குடிக்கல மாமா."

"தெரியும்டா. ஆடாத, படு."

அந்த 'டா'வைக் கேட்டதும் தேவசகாயம் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

நூற்றிரண்டு வந்ததும் ஜோதி தூக்கச் சொன்னாள். கோதண்டராமன் விடவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் கெடக்கட்டுமே. தொண்ணூத்தெட்டுக்கு வந்துடட்டும்."

"வேணாம்பா. வெளிய எடுத்தாலும் தானா எறங்கிகினே இருக்கும். விட்டா அந்தப் பக்கம் போயிடும். தொண்ணூத்தஞ்சுக்குக் கீழ போனா அதுவும் ஆபத்துதான். மனுஷ ஒடம்புக்கு நடமாட குடுத்துருக்கற எடம் ரொம்ப கொஞ்சம்பா."

அந்தக் கடைசி வாக்கியம் சம்பூர்ணத்துக்குள் தங்கிவிட்டது. அவள் மகளை வெறுமனே மகளாகவே பார்த்துவந்திருக்கிறாள். தினமும் செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறிப்போய் அந்தக் கொஞ்ச இடத்துக்குக் காவல் இருந்துவிட்டு வருகிறவள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். "முகூர்த்தம் முடியப்போவுதே, தாலிய மட்டும் கட்டிட்டு..." என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

"முகூர்த்தம் போவட்டும்யா!" என்றார் கோதண்டராமன். பஞ்சாங்கம் பார்க்காமல் முடிகூட வெட்டிக்கொள்ளாதவர்.

"பொண்ணுகூட இன்னும் ஒருத்தர்தான் ஏறலாம்" என்றான் ஆம்புலன்ஸ் பையன். தேவசகாயம் முன்னால் வந்தார். அதற்குள் கோதண்டராமன் உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார். ஈர வேட்டி சொட்டியது. பிறகு அவருக்கே உறைத்து, வெட்கத்தோடு எட்டிப்பார்த்தார். "நீங்க முன்னாடி டிரைவர் பக்கத்துல ஒக்காருங்க சம்பந்தி. நாம ரெண்டு பேரும் போவலாம்." ஆம்புலன்ஸ் பையன் தலையில் கைவைத்தான். பிறகு கதவைச் சாத்தினான்.

வண்டி போனபிறகு பந்தி போட்டார்கள். மாப்பிள்ளையும் இல்லை, பெண்ணும் இல்லை. ஆனாலும் அப்படியொரு சாப்பாட்டை அந்த மண்டபம் பார்த்திருக்காது. முதல் பந்தியில் நடு இலை செங்கம்மாளுக்கு. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து அதே கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கடற்காற்று திரும்பி இலைகளைப் புரட்டியது.

சம்பூர்ணத்தின் போன் அடித்தது. கோதண்டராமன்.

"தொண்ணூத்தொம்பதர!" என்று கத்தினார். ஆஸ்பத்திரியில் யாரோ அதட்டுவது கேட்டது. குரலைத் தாழ்த்தினார். "ரத்தம் எடுத்துருக்காங்க. கிட்னி நல்லா கீதான்னு பாக்கணுமாம், ரெண்டு நாள் வெச்சிருப்பாங்க. மூச்சு, பேச்சு எல்லாம் சரி. இட்லி கேக்கறான், திருட்டுப் பய. டாக்டர் என்னிக்கு அனுப்பறாரோ அன்னிக்குத்தான் முகூர்த்தம். தாலிய பத்திரமா எடுத்து வெய்யி."

"சரிங்க."

அவள் மேடைக்குப் போனாள். மணைக்குப் பக்கத்தில் தாலித் தட்டு இல்லை. மணப்பெண் அறையில் இல்லை. எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டைக் கொண்டுபோனது யார்?

"ஜெகதாம்பா பெரியம்மா கையிலதான இருந்துச்சு" என்றாள் ஒரு பெண்.

 காரில் போனது சுப்புராமன் மட்டுமில்லை. தாலியும்.

"வாங்க ஆன்ட்டி, பின்னாலயே போயிடலாம்" என்று வண்டிச் சாவியை எடுத்தாள் பிரிசில்லா. யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு சம்பூர்ணம் ஸ்கூட்டரில் ஏறினாள். மாமல்லபுரம் பிரிவு வருவதற்குள் போன் மறுபடி அடித்தது. திரையில் சுப்புராமன் பெயர்.

"சொல்லுங்க மாமா" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

"மாமா இல்லடி, நான்தான்." ஜெகதாம்பாளின் குரல் கிசுகிசுத்தது. பின்னால் ஏதோ என்ஜின் உறுமியது. "என் புள்ள ஐஸ் தொட்டி வீடியோவ அனுப்பிச்சான். இவரு பாத்துட்டு நாடகம்ன்றாரு. நான் நம்பிட்டேன். திருக்கழுக்குன்றத்துல சாப்பிட நிறுத்தினாரு. கை கழுவப் போனாரு பாரு, அவர் போனையும் தாலித் தட்டையும் எடுத்துகினு பஸ் ஏறிட்டேன்!"

 "அக்கா! எந்த பஸ்?"

"நின்னுகினு இருந்த பஸ்டி." கண்டக்டரிடம் விசாரிக்கும் சத்தம்.  "மதுராந்தகம் போவுதாம்."

"இன்னா ஆச்சு ஆன்ட்டி?" பிரிசில்லா வேகத்தைக் குறைத்தாள்.

சம்பூர்ணம் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். ஸ்கூட்டரே குலுங்கியது.

"மதுராந்தகத்துக்கு வுடும்மா வண்டிய" என்றாள்.